பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் கார்பெட்: ஈரம், துரு, சுருக்கம், சிக்கும் பெடல்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கார்பெட் வயதாகிக் கெடுவது குறைவு. பெரும்பாலும் தண்ணீர்தான் அதைக் கெடுக்கிறது. அந்தத் தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் புதியதைப் போட்டால், கொஞ்ச காலத்தில் அதிலும் அதே வாடை வரும். அதைவிட மோசம், அடியில் இருக்கும் தரைத் தகடு கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். அதனால் இந்த வேலையில் பாதிக்கு மேல் புது கார்பெட் வண்டிக்குள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டிக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஈரத்தைப் பற்றிய பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கார்பெட்டைக் கழற்றியதும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எங்கே கறை, எங்கே உப்புப் பூத்திருக்கிறது, எங்கே நூல் மக்கியிருக்கிறது என்பதெல்லாம் அதன் அடிப்புறத்தில் தெரியும். புதியதை வெட்டும்போது அளவு பார்க்கவும் அதுதான் உதவும். கடைசி போல்ட்டை முடுக்கும்வரை அது ஓரமாகக் கிடக்கட்டும்.

மேலே காய்ந்திருக்கிறது, ஆனாலும் வாடை போகவில்லை

பல பழைய வண்டிகளில் கார்பெட்டுக்கு அடியில் சணல் விரிப்போ பஞ்சு போன்ற ஃபெல்ட்டோ இருக்கும். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேலே இருக்கும் நூல் காற்றில் காய்ந்துவிடுவதால் கையால் தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கதவு வாசலில் இருக்கும் தகட்டைக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடி விரிப்பை நன்றாக அழுத்திப் பாருங்கள். நான்கு கால் பள்ளங்களையும் தனித்தனியாகப் பாருங்கள், டிக்கியையும் பாருங்கள்.

அழுத்தும்போது வெள்ளை டிஷ்யூ தாளை வைத்து அழுத்துவது நல்லது. தாளில் வருவது தெளிந்த தண்ணீரா, நிறமுள்ளதா, எண்ணெய்ப் பசையுள்ளதா என்பதை வைத்தே அடுத்து எங்கே தேடுவது என்று முடிவு செய்யலாம். பூஞ்சை பிடித்த சணல் விரிப்பைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவது வீண் வேலை. எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் ஃபயர்வாலை (என்ஜினையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகடு) ஒட்டிய விரிப்பில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் இருந்தால் அதைக் கிழிக்காமல், தூசி கிளப்பாமல், தெரிந்தவரிடம் காட்டிய பிறகு தொடுங்கள்.

மழை பெய்தால் முன்பக்கம் நனைகிறது

இதுதான் அடிக்கடி வரும் பிரச்சினை. ஆளை அதிகம் அலைக்கழிப்பதும் இதுதான். ஈரம் தெரியும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு. முன் கண்ணாடியின் மேல் மூலையில் நுழையும் தண்ணீர் கண்ணாடியின் பக்கத்தில் கூரையைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கட்டைப் பிடித்துக்கொண்டு போய், கால் பள்ளத்தில் சொட்டும். வண்டி சரிவில் நின்றால் பின் இருக்கைப் பள்ளத்துக்கே போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்கத் தோட்டக் குழாயும் டார்ச் லைட்டும் ஒரு துணை ஆளும் போதும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து டேஷ்போர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் வெளியிலிருந்து தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்து இறங்கும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், பிறகு எந்த இடத்தில் நுழைந்தது என்று சொல்லவே முடியாது. வேகமாகப் பீய்ச்சவும் வேண்டாம். நல்ல ரப்பரையும் தாண்டி வேகத் தண்ணீர் உள்ளே போய்விடும், நீங்கள் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மெதுவாக வழியவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். முதலில் கதவின் அடிப்பகுதி, அப்புறம் பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் காற்றுத் துவாரப் பகுதி, அப்புறம் கண்ணாடியின் கீழ் ஓரம், பக்க ஓரங்கள், மேல் ஓரம், கடைசியில் கூரை.

கதவைத் திறந்தால் வாசல் நனைந்திருக்கிறதா? அப்படியென்றால் கதவுக்குள் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் கதவுக்குள் போவது இயல்புதான். கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியேறிவிட வேண்டும். சேறு அடைத்தால் உள்ளேயே தேங்கும். அதோடு, கதவின் உள் பேனலுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். யாராவது ஸ்பீக்கர் மாட்டும்போது அதைக் கிழித்திருந்தால் தண்ணீர் நேராகக் கார்பெட்டில் இறங்கும். எத்தனையோ வண்டிகளில் கார்பெட் மக்கிப்போனதற்கு இந்த ஒரு தாள்தான் காரணம். புதிதாக வெட்டிய தடித்த பாலித்தீன் தாளை பியூட்டைல் டேப்பால் ஒட்டினால் சரியாகிவிடும். சிலிக்கான் வேண்டாம். அடுத்த முறை கழற்றினால் அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது.

கண்ணாடி ஓரத்தில் கசிந்தால் வெளியே சிலிக்கான் பூசி மூடிவிட ஆசை வரும். செய்யாதீர்கள். பழைய ரப்பர் பீடிங்கின் அடியில் தகடு ஏற்கெனவே துருப்பிடித்திருக்கும். மேலே மூடினால் தண்ணீர் உள்ளேயே அடைபட்டுத் துரு இன்னும் வேகமாகப் பரவும். கண்ணாடியை எடுத்து, துருவைச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, புது ரப்பர் போடுவதுதான் வழி. கரடுமுரடான பாதையில் போகும் வண்டியில் உடல் முறுக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் காய்ந்துபோன ரப்பர் அங்கே சீக்கிரம் தோற்றுவிடும்.

ஃபயர்வாலை மறக்க வேண்டாம். வின்ச், கூடுதல் விளக்கு, இரண்டாம் பேட்டரி என்று முந்தைய உரிமையாளர் மாட்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர் ஃபயர்வாலைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கும். துளையில் ரப்பர் கிரோமெட் (ஒயரைச் சுற்றித் துளையை அடைக்கும் வளையம்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தண்ணீரும் வரும், தகட்டின் விளிம்பு ஒயரை அறுத்து ஷார்ட்டும் ஆகும்.

சன்ரூஃப் உள்ள வண்டி என்றால் அதன் தட்டின் மூலைகளிலிருந்து வடிகுழாய்கள் தூண்களுக்குள் இறங்கும். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் புல் வெட்டும் இயந்திரத்தில் வரும் நைலான் நரம்பை மெதுவாக விட்டு எடுங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்தால் குழாய் தூணுக்குள்ளேயே கழன்றுகொள்ளும், பிறகு கூரையின் உள் துணியை இறக்க வேண்டி வரும்.

மழை இல்லை, ஏசி ஓடினால் நனைகிறது

வாடையில்லாத, நிறமில்லாத தண்ணீர், டேஷ்போர்டின் அடியிலிருந்து சொட்டுகிறது என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. புழுக்கமான நாளில் ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் நீர் சொட்டியாக வேண்டும். சொட்டவில்லை என்றால் அது உள்ளே போகிறது. சேற்றுக்குள் போய் வந்த வண்டியில் குழாயின் வெளிமுனையைச் சேறு மூடியிருக்கும். கீழிருந்து வளையும் கம்பியை மெதுவாக விட்டுக் கிளறினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். ஆழமாகக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் ஏசி காயில் (coil) மெல்லிய அலுமினியத்தால் ஆனது.

வழுவழுப்பான ஈரம், இனிப்பு வாடை

இது தண்ணீர் இல்லை, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குச் சூடு தரும் சிறிய ரேடியேட்டர்) கசிகிறது. முன் கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் படியும், ரேடியேட்டரில் கூலன்ட் மட்டம் குறைந்துகொண்டே வரும். ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் என்ஜின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் சந்தேகமே இல்லை. குழாயைக் கழற்றுவது என்ஜின் நன்றாக ஆறிய பிறகு மட்டும்.

பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். நனைந்த விரிப்பைத் திறந்த இடத்தில் போட்டுவைக்க வேண்டாம். தரையை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவித் துடையுங்கள். அந்தப் பசை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பெயின்டும் டேம்பிங் ஷீட்டும் (தகடு அதிராமல் இருக்க ஒட்டும் ஷீட்) ஒட்டாது.

ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும் என்றால் கார்பெட் வெளியே இருக்கும் இந்த நேரமே சரியான நேரம். பல வண்டிகளில் அதற்கு டேஷ்போர்டையே இறக்க வேண்டும், புது கார்பெட்டின் மேல் அந்த வேலையைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

பெடலுக்கு நேர் கீழே எண்ணெய் போல ஈரம், பெயின்ட் உரிந்திருக்கிறது

கிளட்ச் அல்லது பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய்விட்டது. பிரேக் ஆயில் பெடல் கம்பி வழியாக வடிந்து கார்பெட்டில் இறங்குகிறது. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் பெயின்டைக் கரைத்துவிடும், அதனால் அந்த இடத்தில் மட்டும் தகடு வெறுமையாக இருக்கும். கார்பெட்டை அப்படியே விட்டுவிட்டு முதலில் சிலிண்டரை மாற்றுங்கள். பிரேக் பக்கம் கசிகிறது என்றால் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டவே கூடாது.

டிக்கி மட்டும் நனைகிறது

பின் கதவு பீடிங்கை ஒரு தாள் துண்டால் சோதிக்கலாம். தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். கொஞ்சம் இறுக்கமாக வந்தால் பீடிங் அழுந்துகிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. ஸ்டெப்னி பின் கதவில் தொங்கும் வண்டிகளில் அந்தப் பாரத்தால் கீல் தேய்ந்து கதவு இறங்கியிருக்கும். அங்கே புது பீடிங் போட்டும் பலன் இல்லை, முதலில் கீலைச் சரிசெய்ய வேண்டும். அப்புறம் பின் விளக்குகளின் கேஸ்கெட், பக்கக் கண்ணாடி ரப்பர், கூரை கேரியரின் போல்ட் துளைகள் இவற்றைப் பாருங்கள்.

ஆற்றைக் கடந்து வந்த பிறகு நனைந்தது

இதில் மர்மம் எதுவும் இல்லை. கதவின் அடி பீடிங், தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்கள், கியர் லீவரின் பூட் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று. கிழிந்த பூட்டையும் தொலைந்துபோன அடைப்பான்களையும் புதிதாக வாங்கிப் போடுங்கள். அடைப்பான்களின் இருப்பிடத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அவற்றைக் கழற்றி உள்ளே வந்த தண்ணீரை வடிக்கவும் உதவும். அதனால் டேம்பிங் ஷீட் ஒட்டும்போது இந்த அடைப்பான்களின் மேல் ஒட்டக்கூடாது.

மழையும் இல்லை, ஏசியும் இல்லை, ஆனாலும் சில நாள் ஈரம்

வண்டி கடற்கரை மணலிலோ உப்புத் தண்ணீரிலோ போயிருக்கிறதா? கார்பெட்டில் உப்பு தங்கியிருந்தால் காற்றில் ஈரப்பதம் கூடும் நாட்களில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓட்டை தேடி அலைய வேண்டாம். தரையை நல்ல தண்ணீரில் ஒன்றுக்கு இரண்டு முறை கழுவி முழுதாகக் காயவிடுங்கள்.

சீட் போல்ட் அசையவில்லை

தரைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டின் மரைதான் காரணம். பல வருடச் சேறும் துருவும் அதில் ஒட்டியிருக்கும். மேலிருந்து வலுக்கட்டாயமாகத் திருப்பினால் அந்தத் துரு முழுவதும் தகட்டில் பற்றவைத்த நட்டுக்குள் வந்து சிக்கி, போல்ட் முறியும் அல்லது நட் தகட்டிலிருந்து கழன்று கூடவே சுற்றும். நட் சுற்ற ஆரம்பித்தால் வேலை வெல்டிங் வரை போய்விடும். எனவே முதலில் வண்டிக்கு அடியில் போய் மரையைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் முடுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாகக் கொண்டுவாருங்கள். அவசரம் இல்லாத நாளில் இந்த வேலையைத் தொடங்குவது நல்லது.

சீட் பெல்ட் போல்ட்டுகள் பெரும்பாலான வண்டிகளில் 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை உள்ளவை. தலை பல நேரம் நட்சத்திர வடிவில், டோர்க்ஸ் டி50 அளவில் இருக்கும். தலைக்குள் இருக்கும் அழுக்கை ஊசியால் தோண்டி எடுத்த பிறகு பிட்டைத் தட்டி உட்காரவைத்துத் திருப்புங்கள். இந்த போல்ட் ஒன்று கெட்டுப்போனால் கையில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போடாதீர்கள். விபத்தில் ஓர் ஆளின் முழு வேகத்தையும் தாங்க வேண்டியது அது.

ஏர்பேக் உள்ள வண்டியில் எதையும் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருங்கள். சீட்டுக்கு அடியிலும் கன்சோலுக்கு அடியிலும் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் தெரிந்தால் அவை பெரும்பாலும் ஏர்பேக்குடையவை.

கார்பெட் கழன்று வந்துவிட்டது, தார் ஷீட் கழலவில்லை

தரையில் கறுப்பாக ஒட்டியிருக்கும் தார் ஷீட் தொழிற்சாலையிலேயே ஒட்டியது, தகடு அதிராமல் இருக்க. இறுக்கமாக ஒட்டியிருந்தால் விட்டுவிடலாம். வெடித்திருந்தாலோ, தட்டும்போது பொள்ளல் சத்தம் வந்தாலோ எடுத்தாக வேண்டும். அடியில் ஈரம் புகுந்திருக்கும், துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கிச் சுரண்டலாம். உலர் பனிக்கட்டி கிடைத்தால் இன்னும் சுத்தமாக வரும். அதைப் பரப்பி வைத்தால் தார் கண்ணாடி போல் விறைத்துவிடும், சுத்தியலால் தட்டினால் துண்டு துண்டாகக் கழன்று வரும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்துச் செய்யுங்கள். உலர் பனிக்கட்டி கார்பன் டை ஆக்சைடாக மாறி மூச்சுக் காற்றை விரட்டிவிடும்.

தரையில் துரு

ஸ்க்ரூடிரைவரின் முனையால் குத்திப் பாருங்கள். பழுப்பு நிறம் மட்டும், தகடு கெட்டியாக இருக்கிறது என்றால் கம்பி பிரஷ் வைத்துச் சுத்தம் செய்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி பூசி, அது சொல்லும் முறைப்படி காயவிட்டு, எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம். செதில் செதிலாக உரிகிறது என்றால் செதில் முழுவதும் போய் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். செதிலின் மேல் எதைப் பூசினாலும் அது செதிலோடு சேர்ந்து உதிரும். தகடுகள் சேரும் இடங்களில் பிரைமருக்கு மேல் சீம் சீலர் போட்டு, அதன் மேல் பெயின்ட்.

ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது என்றால் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபைபர் துணி, பட்டி, நுரை இவையெல்லாம் ஓட்டையை மறைக்கும், பலம் கொடுக்காது. குறிப்பாக ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே போல (1984 முதல் 2001 வரை வந்தது) தனிச் சேசிஸ் இல்லாத வண்டிகளில் தரைத் தகடே வண்டியின் எலும்பு. லேண்ட் க்ரூசர் 60, 80 வரிசை போலத் தனிச் சேசிஸ் மேல் உடல் உட்காரும் வண்டியிலும், சீட், பெல்ட், பாடி மவுன்ட் (உடல் சேசிஸோடு சேரும் இடம்) இவற்றைச் சுற்றிய தகடு அரித்திருந்தால் விட்டுவைக்கக் கூடாது. லேண்ட் ரோவர் டிஃபென்டரில் உடல் தகடு பெரும்பாலும் அலுமினியம், ஃபயர்வால் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது அலுமினியம் அரிக்கும் அடையாளம்.

வெல்டிங் செய்யும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் பெரும்பாலும் தரையை ஒட்டியே ஓடும். பக்கத்தில் எரியக்கூடிய விரிப்பு எதுவும் இருக்கக் கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

புதுத் தரையில் சத்தமும் சூடும் அதிகம்

சத்தம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இரண்டு வேலை இருக்கிறது. தகடு அதிர்வதை நிறுத்துவது ஒன்று, வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுப்பது இன்னொன்று. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட் முதல் வேலையைத்தான் செய்யும். அதைத் தரை முழுவதும் மெழுகத் தேவையில்லை. ஒவ்வொரு தட்டையான பகுதியிலும் சுமார் கால்வாசிப் பரப்பை மூடினாலே அதிர்வு பெருமளவு அடங்கும். உருளையால் அழுத்தி ஒட்டுவதுதான் முக்கியம், உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் ஒட்டியும் பயனில்லை. ஒலியைத் தடுக்க, மூடிய செல் ஃபோமின் (உள்ளே இருக்கும் குமிழ்கள் தனித்தனியாக மூடியிருக்கும் ஃபோம்) மேல் கனமான வினைல் ஷீட் வேண்டும்.

தண்ணீருக்குள் இறங்கும் வண்டியில் அடி விரிப்பாகச் சணலையோ சாதாரண ஸ்பாஞ்சையோ போடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூடிய செல் பாலித்தீன் ஃபோம் தண்ணீரைக் குடிக்காது. தூக்கி உதறித் துடைத்தால் காய்ந்துவிடும்.

ஓரிடத்தில் மட்டும் கால் சுடுகிறது என்றால் உள்ளே தடுப்புப் போடும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள். சைலன்சர் குழாய்க்கும் கேட்டலிடிக் கன்வர்டருக்கும் மேலே இருக்க வேண்டிய வெப்பத் தகடு துருப்பிடித்து விழுந்திருக்கும். பாறையில் உரசியும் போயிருக்கலாம். அதைத் திரும்ப மாட்டுவது உள்ளே எத்தனை அடுக்கு போட்டாலும் கிடைக்காத பலனைத் தரும்.

புது கார்பெட் மடிப்பும் சுருக்கமுமாக நிற்கிறது

வார்ப்பில் வந்த கார்பெட் பெட்டியில் மடித்து வந்திருந்தால் உடனே உள்ளே திணிக்காதீர்கள். அதன் முதுகில் இருக்கும் பிளாஸ்டிக் படலம் மடிந்த வடிவத்திலேயே விறைத்திருக்கும். வெயிலில் விரித்து ஒரு நாள் போட்டுவைத்தால் பாதி மடிப்பு தானாகப் போய்விடும். மிச்சத்துக்கு ஹீட் கன்னை முதுகுப் பக்கத்திலிருந்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டி, கையுறை போட்ட கையால் நீவிவிடுங்கள். நூல் பக்கத்தில் சூடு காட்டினால் நுனிகள் உருகிப் பளபளவென்று ஒரு தழும்பு விழும், அது எப்போதும் போகாது.

உள்ளே வைக்கும்போது தரையின் நடுவில் நீளமாக உயர்ந்திருக்கும் நடு மேட்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக நீவிக்கொண்டு வாருங்கள். இரண்டு துண்டாக வரும் கார்பெட்டில் பொதுவாகப் பின் துண்டு முதலில், அதன் மேல் முன் துண்டின் ஓரம் ஏறும். சேரும் இடம் முன் சீட்டுக்கு அடியில் மறைந்துவிடும். எதையும் வெட்டாமல் ஓர் இரவு அப்படியே படியவிடுங்கள். மறுநாள் பார்த்தால் முதல் நாள் வெட்டத் தோன்றிய இடங்களில் பாதி தானாகவே சரியாகியிருக்கும்.

கதவு வாசல் வரை எட்டவில்லை

வாங்கிய கார்பெட் சிறியது என்று முடிவு கட்டும் முன் அடியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நடு மேட்டின் இரு பக்கமும் தடித்த ஃபோம் போட்டிருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அது கார்பெட்டின் நீளத்தைத் தின்றுவிடும். மேட்டின் மேல் ஃபோமை மெல்லியதாக்குங்கள், தட்டையான பள்ளத்தில் தடிமனை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதிலேயே எட்டிவிடும். ஓரத்தை வெட்டுவது எப்போதும் கடைசி வேலை. வாசல் தகடு மூடும் அளவுக்கு மேல் 2 செ.மீ. விட்டு வெட்டி, தகட்டை வைத்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை எடுங்கள்.

போல்ட் துளையைக் கண்டுபிடிக்க முடியவில்லை

சீட்டைக் கழற்றிய உடனேயே, பழைய கார்பெட் போனதும், ஒவ்வொரு துளையிலும் நீளமான ஒரு போல்ட்டைப் பாதி முடுக்கி நிறுத்தியிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது. கார்பெட்டின் மேல் கையை வைத்துத் தடவினால் போல்ட் தலை தட்டுப்படும். அந்த இடத்தில் சிறிய பெருக்கல் குறி போல் வெட்டுங்கள். மறந்துவிட்டால், வண்டிக்கு அடியிலிருந்து ஊசியைத் துளை வழியாகக் குத்தி மேலே அடையாளம் பார்க்கலாம்.

ட்ரில் வைத்துக் கார்பெட்டைத் துளைக்கவே கூடாது. பிட் ஒரு நூலைச் சுற்றிக்கொண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் நீளமான கோடாகப் பிரிந்து வந்துவிடும். சால்டரிங் அயர்ன் முனையால் உருக்கித் துளையிடுவது நல்லது, விளிம்பு நூல்கள் உருகி ஒட்டிக்கொள்வதால் பிறகு பிரியாது. அடியில் ஒயர் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீட்டின் கால் உட்காரும் இடத்தில் ஃபோமை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். விட்டால் அது நாளடைவில் அமுங்கி போல்ட் தளர்ந்துவிடும். கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முடுக்கி, சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

பசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் போகும் வண்டியில் கார்பெட்டை முழுதாக ஒட்டிவிட்டால் பிறகு தூக்கிக் காயவைக்க முடியாது. நேராக நிற்கும் பகுதிகளில் மட்டும், சூடு தாங்கும் ஸ்ப்ரே பசையைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் வாசல் தகடும் சீட்டும் கன்சோலுமே அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஆக்ஸிலேட்டர் பெடல் திரும்பி வரத் தாமதிக்கிறது

வண்டியை நகர்த்தாதீர்கள். பெடலுக்கு அடியிலோ பின்னாலோ கார்பெட் உப்பியிருக்கிறது. என்ஜின் அணைந்த நிலையில் பெடலைத் தரைவரை அழுத்தி விட்டுப் பாருங்கள், அழுத்தும்போதும் திரும்பும்போதும் எதிலும் உரசக் கூடாது. மேட் போடுவதாக இருந்தால் அதையும் போட்டு, முன்னும் பின்னும் நகர்த்திச் சோதியுங்கள். உரசினால் அந்த இடத்தில் ஃபோமை எடுத்து, கார்பெட்டைத் தகட்டோடு ஒட்டிவிடுங்கள். பசை அவசியமான இடம் இது. பிரேக்குக்கும் கிளட்சுக்கும் இதே சோதனை. கிளட்ச் முழுதாக அழுந்தாமல் கார்பெட்டில் முட்டி நின்றால் கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வரும். கியர்பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பயந்து பணிமனைக்குப் போகும் முன் காலடியைப் பாருங்கள்.

லோ ரேஞ்ச் விழவில்லை அல்லது விழுந்து வெளியே வருகிறது

டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை (ஃபோர் வீல் டிரைவையும் மெதுவான, பலமான லோ ரேஞ்சையும் போடும் லீவர்) சுற்றி வெட்டிய துளை சிறியது. லீவர் முழு தூரம் போக வேண்டும், கார்பெட் அதைத் தள்ளிக்கொண்டு நிற்கக் கூடாது. வண்டி நிற்கும்போது எல்லா நிலைக்கும் போட்டுப் பார்த்து, முட்டும் பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். ரப்பர் பூட்டின் விளிம்பு மூடும் எல்லைக்குள் வெட்டு இருந்தால் வெளியே தெரியாது.

ஏர்பேக் விளக்கு எரிகிறது

ஏதோ ஒரு கனெக்டர் கழன்றிருக்கும்போது யாராவது சாவியைப் போட்டிருப்பார்கள், அல்லது சீட்டுக்கு அடியில் இருக்கும் கனெக்டர் முழுதாகப் பொருந்தவில்லை. பேட்டரியை எடுத்துக் காத்திருந்து, எல்லாவற்றையும் சரியாக மாட்டிய பிறகும் எரிந்தால் ஸ்கேனரால் பிழைக் குறியீட்டை அழிக்க வேண்டும். நடு மேட்டில் ஏர்பேக் கணினி இருந்தால் அதன் அடியில் கார்பெட்டோ ஃபோமோ போகக் கூடாது, தகட்டோடு நேராக, அம்புக்குறி காட்டும் திசையில் முடுக்கியிருக்க வேண்டும்.

உள்ளே புகை வாடை

பசை வாடை என்று விட்டுவிடாதீர்கள். பசை வாடை ஜன்னலைத் திறந்து சில நாள் விட்டால் குறைந்துவிடும். என்ஜின் ஓடும்போது மட்டும் வாடை வந்தால், தரையில் ஓர் அடைப்பானைத் திரும்பப் போட மறந்திருக்கிறீர்கள், அல்லது லீவர் பூட் சரியாக உட்காரவில்லை. சைலன்சர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, மயக்கத்தில்தான் தெரியும். அதனால் வாடையை மட்டும் நம்பாமல், கார்பெட்டைத் தூக்கி ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். இருட்டில் வண்டிக்கு அடியிலிருந்து விளக்கு காட்டினால் திறந்திருக்கும் துளை உள்ளே வெளிச்சமாகத் தெரியும்.

காலையில் கண்ணாடி உட்புறம் வியர்க்கிறது

எல்லாம் புதிது, ஆனாலும் கண்ணாடியில் நீர் பூக்கிறது என்றால் அடியில் ஈரம் இன்னும் இருக்கிறது. தரை காயும் முன்பே மூடியிருக்கலாம், அல்லது ஒரு கசிவு தப்பியிருக்கிறது. வாசல் தகடுகளைக் கழற்றி, கார்பெட்டின் ஓரங்களைக் கட்டை வைத்துத் தூக்கி, மின்விசிறியை நேராக உள்ளே காட்டி இரண்டு மூன்று நாள் விடுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு டிஷ்யூ தாளை ஃபோமுக்கு அடியில் வைத்து மூடிவிட்டு, அடுத்த மழைக்குப் பின் எடுத்துப் பாருங்கள். எந்தத் தாள் நனைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து குழாய்ச் சோதனையை மறுபடி தொடங்க வேண்டும்.